முதலில் மொட்டை மாடி, அப்புறம் மலை: இரவு வானத்தைப் படம் எடுக்கத் தொடங்குகிறவர்களுக்கு

இரவு வானத்தைப் படம் எடுக்க வேண்டும் என்று என் ஸ்டுடியோவுக்கு வரும் பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டு கேள்விதான் கேட்கிறார்கள். "எந்த கேமரா வாங்கட்டும்ணா?" அப்புறம், "ஏலகிரிக்குப் போகட்டுமா, ஜவ்வாது மலைக்குப் போகட்டுமா?" இரண்டையும் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள் என்பேன். கையில் இருக்கிற கேமராவை எடுத்துக்கொண்டு வீட்டு மொட்டை மாடிக்குப் போங்கள். நட்சத்திரம் கூர்மையான புள்ளியாக விழுகிற வரைக்கும் மலைப் பேச்சே வேண்டாம். இருட்டான இடம் நல்ல படத்தை இன்னும் நன்றாக்கும். ஃபோகஸ் போன படத்தை எந்த மலையாலும் காப்பாற்ற முடியாது.

நான் வாணியம்பாடியில் கல்யாண போட்டோ எடுப்பவன். சொந்த ஊர், பாலாறு ஆந்திராவிலிருந்து தமிழ்நாட்டுக்குள் இறங்கும் புல்லூர் பக்கம். எங்கள் வீட்டு மாடியில் நின்றால் மேற்கிலும் வடக்கிலும் ஆந்திர மலைகளும் இருட்டும்தான். கிழக்கே, தென்கிழக்கே வாணியம்பாடி வெளிச்சமும் பெங்களூரு ஹைவே வெளிச்சமும் வானத்தில் ஏறி நிற்கும். இங்கே சொல்லும் நேரமும் திசையும் இந்த வானத்தை வைத்துத்தான். குப்பம், பலமநேர், பேரணாம்பட்டு, ஆம்பூர், திருப்பத்தூர் என்று எந்த ஊரில் இருந்தாலும் பெரிய வித்தியாசம் வராது.

மாதத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மார்கழியில் எங்கள் தொழிலில் முகூர்த்தம் கிடையாது, ராத்திரிகள் காலியாக இருக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளியத் தொடங்குவதும் அப்போதுதான். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை இந்தப் பக்கத்தில் தெளிந்த இரவுகள் அதிகம். ஆடியிலும் கல்யாணம் இல்லை, ஆனால் அப்போது மேகம் விடாது. லென்ஸ் துடைத்து வைக்க மட்டும்தான் ஆடி.

நம் ஊர் வானத்துக்கு இன்னொரு பெருமை உண்டு. ஜவ்வாது மலையில் ஆலங்காயத்தைத் தாண்டி, சுமார் 725 மீட்டர் உயரத்தில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1968-ல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு தொடங்கியது. 1986-லிருந்து 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இயங்குகிறது. அதற்கும் வானாய்வகத்துக்கும் வைணு பாப்புவின் பெயர். 1977 மார்ச்சில் யுரேனஸ் கிரகத்தின் வளையங்கள் கண்டுபிடிக்கப்பட்டபோது காவலூரிலிருந்தும் அது பதிவானது. பூமத்திய ரேகைக்கு வடக்கே பன்னிரண்டரை டிகிரியில் இருப்பதால் அங்கிருந்து வடக்கு வானமும் தெரியும், தெற்கு வானத்தின் பெரும்பகுதியும் தெரியும். அது உங்கள் மாடிக்கும் பொருந்தும். வடக்கே துருவ நட்சத்திரம், தெற்கே தென்சிலுவை என்று இரண்டையும் ஒரே இடத்தில் நின்று எடுக்கலாம். ஐரோப்பாவில் இருப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

சரி, பொருளுக்கு வருவோம். எல்லா அளவையும் நாமே வைக்கிற எம் மோடும் (மேனுவல்), கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் ரா ஃபைலும் உள்ள எந்த டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் கேமராவும் போதும். கூடவே வரும் 18-55 கிட் லென்ஸ் போதும். காசு செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் ட்ரைபாடில் செலவழியுங்கள். நடுத்தண்டைத் தூக்காமல், கால்களை அகட்டிக் குட்டையாக நிறுத்துங்கள். மாடியில் யாராவது நடந்தால்கூடத் தளம் அதிரும், ஷட்டர் திறந்திருக்கும்போது அசையாமல் உட்காருங்கள். லென்ஸில் இருக்கும் ஸ்டெபிலைசரை ட்ரைபாடில் அணைத்துவிட வேண்டும். கல்யாண வீட்டில் கையில் பிடித்து எடுக்கும்போது உதவுகிற அதே பொருள், இங்கே இல்லாத அசைவைத் தேடி அதுவே படத்தை அசைத்துவிடும்.

போன் மட்டும்தான் இருக்கிறதா? அதுவும் சரி. கூகுள் பிக்சலில் வானத்துக்கென்றே ஒரு மோட் இருக்கிறது, நான்கு நிமிடம் வரை எடுக்கும். ஐபோனை ட்ரைபாடில் அசையாமல் வைத்தால் நைட் மோட் 30 விநாடி வரை போகும். மற்ற பல போன்களில் ப்ரோ மோட் இருக்கும். ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 1600, 15 விநாடி, ஃபோகஸை மலை படம் இருக்கும் பக்கம் கடைசி வரை தள்ளி, மூன்று விநாடி டைமரில் எடுங்கள். போனில் பின்பக்கம் இருக்கும் லென்ஸ்களில் மெயின் லென்ஸை மட்டும் பயன்படுத்துங்கள். வைடு லென்ஸுக்கு இருட்டில் பலம் பத்தாது.

கேமராவுக்கான தொடக்க செட்டிங்: எம் மோட், ரா, 18 மி.மீ., எஃப் (லென்ஸ் திறப்பு) 3.5, ஐஎஸ்ஓ 1600, படத்தின் நிறச் சாயலைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸ் 4000 கெல்வின், இரண்டு விநாடி டைமர். விநாடிக் கணக்குக்கு மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது, ஷட்டரை அதிக நேரம் திறந்து வைத்தால் நட்சத்திரம் கோடாக இழுக்கும். இதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: 500-ஐ லென்ஸின் மில்லிமீட்டரால் வகுக்க வேண்டும். சின்ன சென்சார் (ஏபிஎஸ்-சி) கேமராவாக இருந்தால் அந்த மில்லிமீட்டரை முதலில் கேனானில் 1.6-ஆலும், நிக்கான், சோனியில் 1.5-ஆலும் பெருக்கிக்கொள்ளுங்கள். கேனானில் 18 மி.மீ. என்றால் 28.8 ஆகிறது, வகுத்தால் 17 விநாடி. இந்தக் கணக்கு கொஞ்சம் தாராளமானது. 24 மெகாபிக்சல் படத்தைப் பெரிதாக்கினால் 17 விநாடியில் நட்சத்திரம் நீண்டிருப்பது தெரியும். நான் 500-க்குப் பதில் 300 போடுகிறேன், 10 விநாடி வருகிறது. எந்தப் பக்கம் திருப்பியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தும் மாறும். துருவ நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருப்பவை மெதுவாக நகரும், நடுவானத்தில் போகிறவை வேகமாக நகரும்.

இனி ஃபோகஸ். நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை இதுதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

ஆட்டோ ஃபோகஸ் இருட்டில் தடுமாறும். லென்ஸில் முடிவிலிக் குறி இருந்தாலும் அதை நம்ப வேண்டாம், பெரும்பாலும் கொஞ்சம் தள்ளித்தான் இருக்கும். லென்ஸை மேனுவலுக்கு மாற்றி, லைவ் வியூவைப் போட்டு, வானத்திலேயே பிரகாசமான ஒன்றைத் திரையின் நடுவில் கொண்டுவாருங்கள். ஜனவரி, பிப்ரவரியில் சிரியஸ் இருக்கிறது. வியாழன் கண்ணில் பட்டால் இன்னும் சுலபம். பூதக்கண்ணாடிப் பொத்தானை அழுத்திப் பத்து மடங்கு பெரிதாக்குங்கள். இப்போது லென்ஸின் ஃபோகஸ் வளையத்தை மெதுவாகத் திருப்பினால் வட்டமாகப் பரவியிருக்கும் வெளிச்சம் சுருங்கிக்கொண்டே வந்து சிறு புள்ளியாகும். அங்கே நிறுத்தாதீர்கள். இன்னும் கொஞ்சம் திருப்புங்கள், மறுபடி பெரிதாகும். இப்போது திரும்பி வந்து, மிகச் சிறியதாக இருந்த இடத்தில் நிறுத்துங்கள். அந்த இடத்தைத் தாண்டிப் போய்ப் பார்க்காமல் அது சரியான இடம்தானா என்று தெரியாது. 50 மி.மீ. 1.8 லென்ஸ் வைத்திருந்தால் இன்னொரு அடையாளமும் கிடைக்கும்: ஒரு பக்கம் திருப்பினால் புள்ளியைச் சுற்றி ஊதா விளிம்பு, மறுபக்கம் பச்சை. இரண்டுக்கும் நடுவில்தான் நமக்கு வேண்டிய இடம்.

ஃபோகஸ் நின்றதும் வளையத்தின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். செல்லோடேப் பசை விட்டுவிட்டுப் போகும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் பேப்பர் பிளாஸ்திரி வாங்கிக்கொள்ளுங்கள், சுத்தமாக உரிந்து வரும். அதற்குப் பிறகு ஜூமைத் தொடக் கூடாது, தொட்டால் ஃபோகஸ் மாறிவிடும். மிரர்லெஸ் லென்ஸ்கள் பலவற்றில் கேமராவை அணைத்துப் போட்டாலே ஃபோகஸ் பழையபடி போய்விடும், அங்கே டேப்பும் உதவாது. அப்படிப்பட்ட லென்ஸ் என்றால் வேலை முடிகிற வரை அணைக்காதீர்கள், பேட்டரி கூடுதலாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். எப்படியிருந்தாலும் அரை மணிக்கு ஒருமுறை ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிடுவது நல்லது.

முதல் படத்துக்கு வேட்டைக்காரன் கூட்டத்தை எடுங்கள். ஓரியன் என்று சொல்வது அதைத்தான். ஜனவரி கடைசியில் இரவு ஒன்பது மணிக்குக் கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே நிற்கும், தெரு விளக்கு வெளிச்சம் அங்கே குறைவாகத்தான் எட்டும். வரிசையாக மூன்று நட்சத்திரம் இடுப்பு வார். அதற்கு வடக்கே செம்மையாக எரிவது திருவாதிரை, தெற்கே நீலம் கலந்த வெள்ளையாக இருப்பது ரிகெல். மூன்று நட்சத்திரத்தை இணைக்கும் கோட்டைத் தென்கிழக்கே நீட்டினால் சிரியஸ், வடமேற்கே நீட்டினால் ரோகிணி, அதையும் தாண்டினால் கார்த்திகைக் கூட்டம். பஞ்சாங்கத்தில் படித்த பெயர்களை ஒரே ஃபிரேமில் பார்க்கலாம். இத்தனை நாள் பெயராக மட்டும் தெரிந்திருந்த ரோகிணி, தன் ஆரஞ்சு நிறத்தோடு திரையில் வந்து நிற்கும்போது வரும் சந்தோஷத்துக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

தலைக்கு மேல் எடுப்பதால் கேமராவுக்குக் கீழே கண்ணை வைப்பது கஷ்டம். ட்ரைபாடின் இரண்டு காலைக் குட்டையாக்கி, ஒரு காலை நீட்டிச் சாய்த்து நிறுத்துங்கள். ஒரு பாயை விரித்துப் படுத்துக்கொண்டால் கழுத்து வலிக்காது. மாடிக்கு நேராகத் தெரு விளக்கு இருந்தால் துணி காயப்போடும் கயிற்றில் கனமான போர்வையைத் தொங்கவிடுங்கள். எங்கள் தெருவில் எல்இடி விளக்கு வந்த பிறகு எனக்குக் கைகொடுப்பது இந்தப் போர்வைதான். திரையின் பிரகாசத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் மங்கலான படம்கூடத் திரையில் பளிச்சென்று தெரியும். ஹிஸ்டோகிராம், அதாவது படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடத்தைப் பார்த்துப் பழகுங்கள். இடது ஓரம் இருட்டு, வலது ஓரம் வெளிச்சம். மேடு இடது பக்கத்திலிருந்து கால்வாசி, மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருந்தால் சரி. நடுவுக்கு வந்துவிட்டால் ஊர் வெளிச்சம் படத்தை நிரப்புகிறது, விநாடியையோ ஐஎஸ்ஓவையோ குறையுங்கள்.

இது பிடிபட்டதும் 50 மி.மீ. லென்ஸை மாட்டி, இடுப்பு வாருக்குத் தெற்கே தொங்கும் வாள் பகுதிக்குப் போங்கள். எஃப் 2, 4 விநாடி, ஐஎஸ்ஓ 1600. நடுவில் இளஞ்சிவப்பாகக் கலங்கித் தெரிவது ஓரியன் நெபுலா. சுமார் 1,350 ஒளியாண்டு தூரத்தில் புது நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கும் வாயு மேகம் அது. வாணியம்பாடி ஊருக்குள், மாடியிலிருந்தே அதை எடுக்க முடியும் என்று சொன்னால் நிறைய பேர் நம்புவதில்லை. எடுத்துப் பாருங்கள்.

மார்கழி, தை மாதங்களில் பனியைக் கவனிக்க வேண்டும். நள்ளிரவுக்கு மேல் லென்ஸ் கண்ணாடியில் பனி படியும். படத்தில் எல்லா நட்சத்திரமும் திடீரென்று மங்கினால் மேகத்தைத் தேடுவதற்கு முன் லென்ஸைப் பாருங்கள். லென்ஸ் ஹூட் போட்டால் கொஞ்சம் தாமதமாகும். பவர் பேங்கில் ஓடும் ஹீட்டர் பட்டை கிடைக்கிறது, அதை லென்ஸைச் சுற்றிக் கட்டினால் தொல்லை விட்டது. வேலை முடிந்ததும் வீட்டுக்குள் கொண்டுபோகும் முன்பு கேமராவைப் பையில் போட்டு மூடிவிடுங்கள், உள்ளே போய் ஒரு மணி நேரம் கழித்துத் திறவுங்கள்.

அடுத்தது பால்வீதி. இதற்கு மட்டும் ஊரை விட்டு வெளியே போகத்தான் வேண்டும். நாள் பார்க்கத் தினசரி காலண்டர் போதும். அமாவாசைக்கு முன்னும் பின்னும் ஐந்து நாள் நிம்மதி. மற்ற நாளிலும் வழி உண்டு. பௌர்ணமிக்குப் பிறகு நிலா தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளித் தள்ளி எழும், தேய்பிறை பஞ்சமியன்று இரவு பத்து மணி வரை வானம் இருட்டாக இருக்கும். வளர்பிறை அஷ்டமியில் நள்ளிரவை ஒட்டி நிலா இறங்கிவிடும், அதற்குப் பிறகு விடியும் வரை நமக்குத்தான். மாலையில் சூரியன் மறைந்து ஒன்றேகால் மணி நேரம் போன பிறகுதான் முழு இருட்டு.

பால்வீதியின் நடுப்பகுதி, விருச்சிகத் தேளின் வாலில் இருக்கும் மூல நட்சத்திரத்துக்கும் பூராடத்துக்கும் இடையில் இருக்கிறது. பிப்ரவரி கடைசியில் அது இரவு இரண்டு மணிக்கு மேல் எழும், மார்ச் கடைசியில் நள்ளிரவை ஒட்டி, ஏப்ரல் கடைசியில் பத்து மணி வாக்கில், மே மாதம் பாதிக்கு மேல் எட்டரை, ஒன்பதுக்கு. நட்சத்திரங்கள் தினமும் நான்கு நிமிடம் முன்னால் எழுவதால் மாதத்துக்கு இரண்டு மணி நேரம் இப்படி முன்னே வருகிறது. எழுவது கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் இடையில். எங்கள் பக்கத்தில் அதுதான் சிக்கல், சரியாக வாணியம்பாடி வெளிச்சத்துக்கு மேலேதான் எழும்பும். எழுந்த உடனே எடுத்தால் மஞ்சள் கலங்கலுக்குள் ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று மணி நேரம் பொறுத்தால் மேலே ஏறித் தெற்கே திரும்பிவிடும். உச்சத்தில் தெற்கு அடிவானத்திலிருந்து 48 டிகிரி உயரம் வரை வரும். உங்கள் ஊர் எந்தப் பெரிய ஊருக்கு மேற்கே இருந்தாலும் இதே கதைதான். அந்தப் பெரிய ஊரைத் தாண்டி அதற்குக் கிழக்கே போய் நின்றால் எழும் நேரத்திலேயே எடுக்கலாம். இருட்டில் எஃப் 3.5, ஐஎஸ்ஓ 3200, 15 விநாடி வைத்துத் தொடங்குங்கள்.

இடத்தைப் பகலில் போய்ப் பாருங்கள். இதை நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். எங்கள் பக்கத்துக் கொல்லைகளில் சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகள் நிறைய. வானத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடக்கிற வேலை இது. பாலாற்று மணலில் பரந்த வானம் கிடைக்கும், ஆனால் பள்ளங்கள் இருக்கும், அவையும் இருட்டில் தெரியாது. எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மாந்தோப்புகள். ஏப்ரல் முதல் ஜூன் வரை காய் இருக்கும் காலம், காவலுக்கு ஆள் இருப்பார். முன்கூட்டியே போய், "அண்ணா, ராத்திரி வந்து நட்சத்திரம் போட்டோ எடுத்துட்டுப் போறேன், டார்ச் மட்டும் இந்தப் பக்கம் அடிக்காதீங்க" என்று சொல்லிவிட்டால் போதும். தெலுங்கோ தமிழோ, தோப்புக்காரர்கள் நன்றாகவே பழகுவார்கள், பாதியில் அவர்களும் வந்து திரையை எட்டிப் பார்ப்பார்கள். சொல்லாமல் போய் நின்றால் டார்ச் லென்ஸ் மேல்தான் விழும், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்து மலையடிவாரங்களுக்கு ராத்திரியில் போக வேண்டாம். ஆந்திராவின் கௌண்டின்யா சரணாலயத்து யானைகள் அந்த வழியாக இறங்கும். ஜவ்வாது மலையிலும் காட்டுக்குள் நிற்பதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். காவலூர் வானாய்வகத்தின் பக்கத்தில் ஹெட்லைட், டார்ச் எதுவும் வேண்டாம். அங்கே ஒருவர் மங்கலான ஒளியைச் சேர்த்துக்கொண்டிருப்பார், நம் ஒரு விளக்கு அதைக் கெடுத்துவிடும். எங்கே போனாலும் ஷூ போட்டுக்கொள்ளுங்கள், தனியாகப் போகாதீர்கள், டார்ச்சில் சிவப்புக் கண்ணாடிப் பேப்பரை இரண்டு மடிப்பாகக் கட்டிக்கொள்ளுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். ஒரு வெள்ளை வெளிச்சம் பட்டால் மறுபடி முதலிலிருந்து.

தென்சிலுவைக்கு மே மாதம் பாதியில் இரவு ஒன்பது மணி வாக்கில் தெற்கே பாருங்கள். 17 டிகிரி உயரம்தான் வரும். வாணியம்பாடிக்காரர்களுக்கு அது ஏலகிரி மலைக்கு மேலேயே நிற்கும், மலையின் கரிய கோட்டோடு சேர்த்து எடுங்கள். துருவ நட்சத்திரம் வடக்கே பன்னிரண்டரை டிகிரியில், கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டிக்குக் கொஞ்சம் மேலே. அதைச் சுற்றி நட்சத்திரங்கள் வட்டமிடும் படம் வேண்டும் என்றால் 30 விநாடிப் படங்களாக இடைவெளி விடாமல் 120 எடுங்கள். ஒரு மணி நேரம், 15 டிகிரி வளைவு. கேமராவில் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்துக்கும் பிறகு அதே அளவு நேரத்தைக் கேமரா எடுத்துக்கொள்ளும், கோடு துண்டு துண்டாக விழும். ஸ்டார்ஸ்டாக்ஸ் என்ற இலவச மென்பொருள் அத்தனையையும் ஒன்றாகச் சேர்த்துவிடும்.

பால்வீதிக்கும் நெபுலாவுக்கும் ஒரே படத்தை நம்பாமல் அதே செட்டிங்கில் பதினாறு, இருபது எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் கம்ப்யூட்டரில் சீக்வேட்டர் என்ற இலவச மென்பொருள் நட்சத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி அடுக்கும், தரையை அசையாமல் நிறுத்தவும் அதில் வழி இருக்கிறது. பதினாறு படம் அடுக்கினால் நாய்ஸ் என்னும் புள்ளிப் புள்ளியான கரகரப்பு நான்கில் ஒரு பங்காகக் குறையும். புது கேமரா வாங்கினால் கிடைக்கும் சுத்தத்தைவிட இது அதிகம், காசும் இல்லை. எடிட் செய்யும்போது நீலத்தை ஏற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பால்வீதியின் நடுப்பகுதி இயல்பாகவே மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம். ஒயிட் பேலன்ஸை இழுத்து அதை ஊதாவாக்கினால் பக்கத்தில் இருக்கும் கேட்டை நட்சத்திரத்தின் சிவப்பும் சேர்ந்தே போய்விடும். கான்ட்ராஸ்ட்டைக் கொஞ்சம் ஏற்றுங்கள், ஊர் வெளிச்சத்தின் மஞ்சளை அடிவானத்தில் மட்டும் குறையுங்கள், அதோடு விடுங்கள்.

நல்ல படம் ஒன்று கிடைத்தால் பிரிண்ட் போடுங்கள். 12-க்கு 18 அங்குலம், மேட் பேப்பர். கம்ப்யூட்டர் திரையில் தெரிவதைவிடப் பேப்பரில் இருட்டாக விழும், அதனால் கொடுப்பதற்கு முன் ஃபைலை ஒரு படி பிரகாசமாக்கிக்கொள்ளுங்கள். லேப்பில் கொடுக்கும்போது "கரெக்‌ஷன் போடாதீங்க" என்று வாயாலும் சொல்லி, கவர் மேலும் எழுதிக் கொடுங்கள். சொல்லாவிட்டால் மெஷின் அதை வெளிச்சம் பத்தாத கல்யாணப் படம் என்று எடுத்துக்கொண்டு, கறுப்பு வானத்தைச் சாம்பல் நிறமாக்கி அனுப்பிவிடும்.